ஃப்ளஷ் டேங்க்ல தண்ணி நிக்கல, ஓனர் அட்வான்ஸ்ல கை வைக்கலாமா?

கேள்வி: தமிழ்நாட்டுல வாடகை வீட்ல இருக்கோம். ஃப்ளஷ் பண்ணினா அப்புறம் தண்ணி நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. பல தடவ சொல்லியும் ஓனர் கண்டுக்கல. இப்ப மாடி டேங்க் காலியாகுது, மோட்டார் கரன்ட் பில்லை அட்வான்ஸ்ல கழிப்பேன், இல்லன்னா உங்க லைனையே மூடிடுவேன்னு சொல்றார். என்ன பண்றது?

பதில்: கசப்பானதை முதல்லயே சொல்லிடறேன், இந்த ரிப்பேர் அனேகமா உங்க தலையிலதான் விழும். 2017-ம் வருஷ வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்துச்சே, அதோட ரெண்டாவது அட்டவணையில யார் எதை ரிப்பேர் பண்ணணும்னு பிரிச்சே போட்டிருக்காங்க. டாய்லெட் ரிப்பேர், குழாய் வாஷர் மாத்துறது, சுவிட்ச் இதெல்லாம் குடியிருக்கறவர் பக்கம், கட்டடம் சம்பந்தப்பட்டது, பைப் மாத்துறது, வயரிங் எல்லாம் ஓனர் பக்கம். அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதியிருந்தா அதுதான் செல்லும், அதனால அந்தப் பேப்பரை எடுத்து ஒரு தடவ முழுசா படிங்க (கையெழுத்து போட்டதோட பீரோவுக்குள்ள போயிருக்கும்).

அப்போ கேஸே தண்ணி எங்க போகுதுங்கறதுலதான் இருக்கு. டேங்க் மூடியைத் தூக்கிப் பாருங்க, நடுவுல நிக்கிற ஓவர்ஃப்ளோ குழாய்க்குள்ள தண்ணி வழிஞ்சா ஃப்ளோட் வால்வு (தண்ணி நிரம்பினதும் மிதவை எழும்பி அடைக்கிற வால்வு) கோளாறு, ஃப்ளோட்டைக் கொஞ்சம் கீழ இறக்கி வச்சாலே சில நேரம் நின்னுடும். வழியலன்னா டேங்க்ல கலர் பவுடர் கொஞ்சம் கரைச்சு விட்டுட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம விடுங்க, கீழ கோப்பையில கலர் இறங்கினா அடி வாஷர் தேஞ்சிருக்கு. இந்த ரெண்டுமே சின்ன சாமான், வாதாடுற நேரத்துல மாத்திடலாம், பில்லை மட்டும் பத்திரமா வச்சுக்குங்க. ஆனா சுவத்துக்குள்ள போற பைப்ல லீக்குன்னு பிளம்பர் சொன்னா கதை மாறிடும், அது ஓனர் வேலை. எழுதிக் கேட்டும் அவர் செய்யலன்னா நீங்களே செஞ்சு வாடகையில கழிக்கலாம், ஒரு மாசத்துல பாதி வாடகைக்கு மேல கழிக்கக் கூடாது. குடி வந்த அன்னைக்கே இது ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னா அப்ப எடுத்த போட்டோ, வீடியோ, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் எடுத்து வைங்க, நல்ல நிலையில ஒப்படைக்காத வீட்டை நான் ஏன் சரி பண்ணணும்னு கேக்க அதுதான் ஆதாரம்.

அட்வான்ஸ் விஷயத்துல ஓனர் சொல்றதுல பாதி சரி. நீங்க செய்ய வேண்டிய ரிப்பேரை நீங்க செய்யாம விட்டா அவர் செஞ்சு, ஆன செலவை அட்வான்ஸ்ல கழிக்கலாம். அதுக்காக மோட்டார் இவ்வளவு ஓடிச்சு, கரன்ட் இவ்வளவுன்னு அவரே ஒரு தொகையைப் போட்டுக்கிட்டா அது செல்லாது, கணக்கு காட்டட்டும். வாயால சொன்னதையெல்லாம் இன்னைக்கே ஒரு மெசேஜாவும் அனுப்பி வச்சிடுங்க.

லைனை மூடுறது மட்டும் அவரால முடியவே முடியாது. தண்ணி அத்தியாவசிய சேவை, அதை நிறுத்தினா வாடகை அதிகாரிகிட்ட (இந்தச் சட்டப்படி வாடகைத் தகராறைப் பாக்கிறவர்) மனு போடலாம், விசாரணை முடியறதுக்கு முன்னாடியே திறந்து விடச் சொல்லி இடைக்கால உத்தரவு வாங்கலாம். கோவத்துல நீங்க வாடகையை மட்டும் நிறுத்திடாதீங்க, பாக்கி ஏறிச்சுன்னா காலி பண்ண வைக்க அவருக்கு நீங்களே காரணம் கொடுத்த மாதிரி ஆயிடும்.