வரையாட்டுப் பணம் மலை ஏறும் காலம்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: வனத்துறை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வால்பாறைப் பெண்மணி)

கேள்வி: அக்கா, நாங்கள் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். மழை வந்தால் கூரை ஒழுகுகிறது. தமிழ்நாட்டில் வரையாட்டுக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கியதாகப் படித்தேன். மனுஷருக்கு இல்லாத பணம் ஆட்டுக்கு எதற்கு?
— வாசகி, மூணாறு

பதில்: நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான் அம்மா. ஒழுகுகிற இடத்தில் குண்டாவை வைத்துவிட்டு ஓரமாகப் படுத்த ராத்திரிகள் எனக்கும் உண்டு. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை வரையாட்டின் மேல் காட்ட வேண்டாம். தோட்டத் தொழிலாளிக்கு வீடு கட்டித் தருவதும் பழுது பார்ப்பதும் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அந்தக் கேள்வியை அங்கே கேளுங்கள், சங்கத்தை வைத்துக் கேளுங்கள். ஆட்டின் பணத்தை நிறுத்தினால் உங்கள் கூரைக்கு ஒரு தகரம்கூட வராது.

அந்தத் தொகையையும் பிரித்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஒதுக்கியது 25.14 கோடி, அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு. ஆண்டுக்குச் சுமார் 5 கோடி. கணக்கெடுப்பு, ரேடியோ காலர் பொருத்திப் பின்தொடர்வது, அழிந்த புல்வெளியை மீட்பது, ஆடு இருந்து காணாமல் போன மலைகளில் திரும்பக் கொண்டுவிடுவது எல்லாம் இதற்குள் வரவேண்டும். நீலகிரியில் ஆரம்பித்துத் தென்கோடி மலைகள் வரைக்கும்.

உங்கள் பக்கத்து இரவிகுளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் தோட்டத் துரைமார்கள் வேட்டையாடிய இடம். 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவானது. 97 சதுர கிலோமீட்டர்தான். அதன் கிழக்குச் சரிவில் பெய்கிற மழை பாம்பாறாகி, மறையூர்ப் பக்கம் இறங்கி, அமராவதி அணைக்கு வருகிறது. உடுமலையிலும் தாராபுரத்திலும் வயல் நனைவது அந்தத் தண்ணீரில். சோலையும் புல்லும் இருக்கிற மலைதான் மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடும். வரையாட்டுக்கும் அதே புல்தான் வேண்டும். ஆட்டுக்கென்று செலவழிப்பதில் பெரும் பங்கு அந்தப் புல்லுக்கு என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: ஒதுக்கீடு என்று செய்தி வருகிறது. அப்புறம் ஒன்றும் தெரிவதில்லை. பணம் காட்டுக்கு எப்படிப் போகிறது?
— கல்லூரி மாணவர், போடி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி.

அறிவிப்பு வேறு, பணம் வேறு. மத்திய அரசின் வனவிலங்கு வாழிட மேம்பாட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களை மீட்க அதில் தனிப் பிரிவு உண்டு. அந்தப் பட்டியலில் வரையாடும் இருக்கிறது. தமிழ்நாடு, கேரளா போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. ஒவ்வொரு ஆண்டும் இன்ன இடத்தில் இன்ன வேலை, இவ்வளவு செலவு என்று ஆண்டுச் செயல்திட்டம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். அது ரேஞ்சிலிருந்து (வனச்சரகம்) வனக் கோட்டம், கோட்டத்திலிருந்து சென்னை, அங்கிருந்து டெல்லி என்று போகும். ஒப்புதல் வந்தால் பணம் தவணையாக இறங்கும். முதல் தவணையைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது.

கணக்கு பத்திரமாக இருக்க இந்த ஏற்பாடு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பிரச்சனை மாதங்களில் இருக்கிறது. தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டாமல் இருக்கப் புல்லை அகற்றிய பட்டை, வெட்ட வேண்டியது டிசம்பர், ஜனவரியில். பிப்ரவரியில் புல் காய்ந்துவிடும், ஒரு தீக்குச்சி போதும். வரையாடு குட்டி போடுவதும் அந்தச் சமயத்தில்தான். புல் நாற்று நட வேண்டியது ஜூன் மழையில். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், தீக்கோட்டுக்கான பணம் மார்ச்சில் வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மலை அதற்குள் எரிந்திருந்தது. அதையும் 31-ஆம் தேதிக்குள் செலவழித்தாக வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போய்விடும். வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் நின்றதும் உண்டு. கம்பளியும் டார்ச்சும் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் அரிசி இல்லாமல், ரோந்துக்குப் போனார்கள். இரவிகுளத்திலும் எங்கள் ஆனைமலையிலும் வழி தெரிந்து நடப்பவர்களில் முதுவர் பழங்குடியினர் பலர். அவர்களுடைய கூலி தாமதமானால் அந்தத் திட்டமே நின்றுபோகிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று, புல்வெளியை மூடி வளர்கிற சீகை மரம் (வாட்டில்). வெட்டிப் போட்டாலும் அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் முளைத்து வருகிற கன்றைப் பிடுங்க ஆள் வேண்டும். ஐந்து ஆண்டில் முடிகிற திட்டத்துக்குப் பிறகு அந்த ஆளுக்கு யார் கூலி கொடுப்பது? பெரிய தொகை ஒருமுறை வருவதைவிட, சின்னத் தொகை இருபது ஆண்டு விடாமல் வருவது மலைக்கு நல்லது. அலுவலகத்திலும் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் பக்கத்துக் கோட்டத்தின் ஆண்டுச் செயல்திட்டத்தையும், ஒவ்வொரு தவணையும் வந்து சேர்ந்த தேதியையும் கேளுங்கள். தேதியைக் கட்டாயம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேள்வி: தமிழ்நாட்டு ஆடு கேரளாவுக்குப் போனால் இரண்டு பக்கமும் எண்ணிவிட மாட்டார்களா?
— வாசகர், குமுளி

பதில்: அதைத் தவிர்க்கத்தான் 2025 ஏப்ரலில் இரண்டு மாநிலமும் ஒரே நாட்களில் எண்ணின. தமிழ்நாட்டில் 1,303, கேரளாவில் 1,365, மொத்தம் 2,668. இரவிகுளத்தில் மட்டும் 841.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் சீகையைப் பிடுங்கிப் புல் நட ஆசைப்படுகிறது. அரசு மானியம் கிடைக்குமா?
— வாசகர், மறையூர்

பதில்: மன்றத்தின் பெயரில் நேராகக் கிடைக்காது. சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைவதற்கே தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி வேண்டும். ஆனால் உங்களுக்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது. வட்டவடைப் பக்கம் பழத்தோட்டத்தில், சீகை எரிந்துபோன நிலத்தில், ஊர்க்காரர்களின் சூழல் மேம்பாட்டுக் குழு நாற்றங்கால் போட்டு மலைப்புல்லை நட்டு வளர்த்திருக்கிறது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அதே மாதிரிக் குழுவாக, வனத்துறையின் செயல்திட்டத்துக்குள் உங்கள் வேலையைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். செயல்திட்டம் எழுதி முடிப்பதற்கு முன்னால் போய்க் கேட்க வேண்டும். முடிந்த பிறகு போனால் அடுத்த ஆண்டுதான்.

கேள்வி: எங்கள் ஊர்த் தரிசில் முள்ளெலி உண்டு. அது காடு இல்லையே, புறம்போக்குதானே. அதற்கும் ஏதாவது உண்டா?
— வாசகி, செங்கோட்டை

பதில்: உண்டு, சந்தோஷமாகச் சொல்கிறேன். சோலைமந்தி, முள்ளெலி, கழுதைப்புலி, மோயாற்றுப் பக்கத்து மஹ்சீர் மீன் என்று நான்கு உயிர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் முள்ளெலிக்கு 20.50 லட்சம். ஆனால் புறம்போக்கு வருவாய்த் துறைக்கோ ஊராட்சிக்கோ சேர்ந்தது. வனத்துறைப் பணம் வந்தாலும், நாளைக்கு அந்தத் தரிசை வேறு எதற்காவது கொடுத்துவிட்டால் முள்ளெலிக்குப் போக்கிடம் இல்லை. அதனால் உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் போய், மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அந்தத் தரிசையும் முள்ளெலியையும் எழுதச் சொல்லுங்கள். சர்வே எண்ணைச் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.