விட்டதைப் பிடிக்க 3 லட்சம் போடலாமா?

கேள்வி: சார், எனக்கு 34 வயது. ஓசூரில் தனியார் கம்பெனியில் வேலை, கைக்கு 52,000 ரூபாய் வருகிறது. முன்பு ஆன்லைன் ரம்மி ஆடுவேன். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து அந்த ஆப்கள் நின்றதும், நண்பர் ஒருவர் பங்குச் சந்தையில் ஆப்ஷன்ஸ் டிரேடிங்கை (சந்தை ஏறுமா இறங்குமா என்று கணித்துக் காசு போடுவது) அறிமுகப்படுத்தினார். ஒரே நாளில் 1.2 லட்சம் எடுத்தேன். அப்புறம் எல்லாம் போய், இப்போது 6 லட்சம் வரை நஷ்டம். பர்சனல் லோனுக்கு மாதம் 11,000 இஎம்ஐ. மனைவியின் 12 பவுன் நகை 4.5 லட்சத்துக்கு வங்கி அடகில் இருக்கிறது. தம்பியின் தொழிலுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். மூன்று முறை ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஊரில் நிலம் விற்றதில் அப்பா என் பங்காக 5 லட்சம் தரப்போகிறார். அதில் 3 லட்சத்தை வைத்து, இந்த முறை நிதானமாக ஆப்ஷன் செல்லிங் செய்து விட்டதைப் பிடிக்கலாமா? 25,000 ரூபாயில் ஒரு கோர்ஸும் பார்த்து வைத்திருக்கிறேன்.

பதில்: வேண்டாம். 3 லட்சம் இருக்கட்டும், 3,000 கூட வேண்டாம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய புரோக்கர் ஸ்டேட்மென்ட்டை முழுசாகப் பார்த்தேன். நஷ்டம் 6 லட்சம் இல்லை, கட்டணங்களோடு சேர்த்து 7.38 லட்சம். லாபத்தை ‘ஒரே நாளில் 1.2 லட்சம்’ என்று துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள், நஷ்டத்தை மட்டும் குத்துமதிப்பாக. இது பொய் சொல்வது அல்ல. சூதில் சிக்கிய எல்லோருடைய மனக்கணக்கும் இப்படித்தான் ஓடும்.

அந்த ஸ்டேட்மென்ட்டில் இன்னொன்றும் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரி நாட்களை, அதாவது ஆப்ஷன் காலாவதியாகும் நாட்களைப் பாருங்கள். காலை 9.20க்கு ஒரு லாட் (வாங்கக்கூடிய குறைந்தபட்ச அளவு). அது நஷ்டமானதும் 10 மணிக்குள் இரண்டு லாட். மதியம் 2.40க்கு, 4 ரூபாய்க்குக் கிடக்கும் ஆப்ஷனில் இருபது லாட். உங்கள் வட்டாரத்தில் இதை ‘ஹீரோ ஜீரோ’ என்பார்கள், அடித்தால் பெரிய லாபம், இல்லையென்றால் பூஜ்யம். அமெரிக்கக் குதிரைப் பந்தயப் பதிவுகளை ஆராய்ந்த மெக்லாத்லின் என்பவர் 1956லேயே இதைப் பார்த்தார்: அன்றைய கடைசி ரேஸில், ஜெயிக்க வாய்ப்பு மிகக் குறைந்த குதிரைகள் மீது பந்தயம் கூடுகிறது. காலையிலிருந்து விட்டவர்கள், வீட்டுக்குக் கிளம்பும் முன் கணக்கைச் சமன் செய்யப் பார்க்கிறார்கள். 1979ல் கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இதற்குக் காரணம் சொன்னார்கள். லாபத்தில் இருக்கும்போது பத்திரமாக ஒதுங்கப் பார்க்கும் அதே மனிதன், நஷ்டத்தில் இருக்கும்போது பெரிய ரிஸ்க் எடுக்கத் துணிகிறான். நஷ்டத்தை ஒப்புக்கொள்வது அவ்வளவு வலிக்கிறது.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருவோம். 3 லட்சத்தை வைத்து 7.38 லட்சத்தைப் பிடிக்க வேண்டுமானால் சுமார் 246 சதவீதம் லாபம் வேண்டும். இந்த இலக்கை உங்களுக்கு வைத்தது மார்க்கெட் இல்லை, உங்கள் கடன். இப்படி ஓர் இலக்கு தலையில் இருக்கும்போது நிதானமாக டிரேட் செய்ய யாராலும் முடியாது. செல்லிங்கில், அதாவது ஆப்ஷனை வாங்காமல் விற்பதில், பல நாட்கள் சின்னச் சின்ன லாபம் வரும், மார்க்கெட் தாறுமாறாக ஓடும் ஒரு நாளில் அத்தனையும் போய் முதலும் போகும். உங்கள் சுபாவத்துக்கு அந்தச் சின்ன லாபங்கள்தான் இன்னும் ஆபத்து, லாட்டைக் கூட்டச் சொல்லும்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஆப்ஷன்ஸ் அடங்கிய பிரிவு) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியாக ஆளுக்கு 2 லட்சம். என்னை உறுத்தியது வேறு ஒரு எண். வருடம் தவறாமல் நஷ்டப்பட்டவர்களிலும் முக்கால்வாசிக்கு மேல் விடாமல் தொடர்ந்திருக்கிறார்கள்.

சரி, 5 லட்சத்தை என்ன செய்வது? முதலில், அது உங்கள் கணக்குக்கு வரவே கூடாது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய் நகையை மீட்டுவிடுங்கள். வட்டியோடு 4.6 லட்சம் போல ஆகும். நகை மனைவியின் பெயரில் உள்ள லாக்கருக்குப் போகட்டும், மிச்சம் அவர் கணக்கில் அவசரத்துக்கு இருக்கட்டும். வட்டி அதிகமான பர்சனல் லோனைத்தானே முதலில் அடைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வேறு யாருக்காவது என்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். உங்களுக்கு அந்த 11,000 இஎம்ஐ ஓடுவதே நல்லது. கடன் மொத்தமும் அடைந்து, சம்பளம் முழுசாகக் கையில் நிற்கும் முதல் மாதம்தான் பலர் மறுபடி உள்ளே போகும் மாதம்.

இதைச் செய்ய மனைவியிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும், ஸ்டேட்மென்ட்டைக் கையில் கொடுத்து, 7.38 என்றே. பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால், மறைத்த பாதியை அடைக்கவே மறுபடி டிரேட் செய்வீர்கள்.

ஆப்பை அழிப்பது பிரயோஜனமில்லை, அதை நீங்களே மூன்று முறை பார்த்துவிட்டீர்கள். எஃப் அண்ட் ஓ பிரிவை முடக்கச் சொல்லி புரோக்கருக்கு எழுதுங்கள். திரும்பத் திறக்க வருமானச் சான்று கேட்பார்கள், அந்த இடைவெளி உதவும். கணக்கையே மூடிவிட்டால் இன்னும் நல்லது.

வரி விஷயம்: இந்த நஷ்டம் தொழில் நஷ்டமாகக் கருதப்படும். கெடு தேதிக்குள் ஐடிஆர்-3 என்ற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்தால், பின்னால் வரும் தொழில் லாபத்தில் கழிக்க 8 வருடம் வரை முன்னெடுத்துச் செல்லலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது. தாக்கல் செய்யுங்கள், ஆனால் நஷ்டத்தைக் கழிப்பதற்காக லாபம் தேடிக் கிளம்பிவிடாதீர்கள். அப்படி ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார்.

கடைசியாக, இது பண ஆலோசகரால் மட்டும் தீர்கிற விஷயம் இல்லை. விட்டதைத் துரத்துவது, வீட்டில் மறைப்பது, நிறுத்தப் பார்த்துத் தோற்பது மூன்றுமே, சூதாட்ட நோயைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு தரும் ஒன்பது அறிகுறிகளில் இருக்கின்றன. நான்கு இருந்தாலே நோய் என்கிறது அது. உங்களுக்கு இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நகையை மீட்கிற வாரத்திலேயே பேசிவிடுங்கள்.

அந்த கோர்ஸ் வேண்டாம். அட்வான்ஸ் ஏதாவது கட்டியிருந்தால் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். தரவில்லை என்றால் போகட்டும், அதைப் பிடிக்கவும் போகாதீர்கள்.