பந்தியிலிருந்து எழுந்த பேதுரு

அன்புள்ள ஐயா,

எருசலேமில் ஒரு சின்ன யூதக் குழுவாக இருந்த கிறிஸ்தவம் கிரேக்கர், ரோமர், சிரியர் என்று எல்லோரிடமும் எப்படிப் போனது? ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆதரவு கொடுத்ததால்தானே? ரோமச் சாலைகளும் பொதுவான கிரேக்க மொழியும் இருந்ததால் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த அப்போஸ்தலர் பவுலுக்கு வேலை சுலபமாகிவிட்டது என்று ஒரு காணொளியில் கேட்டேன். இயேசுவின் சீடர் தோமா இந்தியாவுக்கு வந்தது உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

காணொளியை விடுங்கள். சாலையும் மொழியும் எல்லாருக்கும்தான் கிடந்தன, எகிப்திய தெய்வமான ஐசிஸின் பூசாரிகளும் அதே வழியில்தான் போனார்கள். கான்ஸ்டன்டைன் சலுகை கொடுத்தது 313-ல். யூப்ரடீஸ் கரையில் தூரா யூரோப்போஸ் என்ற ஊரில் ஒரு சாதாரண வீட்டை மாற்றிக் கட்டி, ஞானஸ்நானத் தொட்டி வைத்து, சுவரில் படமெல்லாம் வரைந்து ஜெபித்தவர்கள் இருந்தார்கள். அந்த ஊரே 256 வாக்கில் பாரசீகப் படையெடுப்பில் அழிந்துவிட்டது. அரசருக்கு அரை நூற்றாண்டு முந்திய கதை இது. போதுமா?

ஆனால் பவுலுக்கு வேலை சுலபம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாக, பவுல் கடிதமாக எழுதிய கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் என்னைத் தூங்க விடவில்லை. முதலில் ஒன்று, இதைத் தொடங்கியதே பவுல் இல்லை. எருசலேமில் முதல் இரத்தசாட்சி ஸ்தேவான் கொலையானதும் சிதறி ஓடியவர்களில் சிலர், சைப்ரஸ்காரர்களும் சிரேனே ஊர்க்காரர்களும், அந்தியோகியாவில் கிரேக்கர்களிடம் பேசினார்கள் என்கிறது வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகம். பெயர்கூடக் கிடையாது அவர்களுக்கு. இன்று துருக்கியில் அந்தாக்யா என்று சொல்லப்படும் ஊர், அன்று பேரரசின் பெருநகரங்களில் ஒன்று. பல இனத்தவர் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். யூதரும் யூதரல்லாதவரும் ஒன்றாக ஆண்டவரைக் கும்பிட்டார்கள், சரி. ஒன்றாகச் சாப்பிட்டார்களா? அங்கேதான் சண்டை.

இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுரு செசரியாவுக்குப் போய் கொர்நேலியு என்ற ரோமப் படைத் தலைவன் வீட்டில் தங்கிவிட்டு எருசலேம் திரும்பியபோது சொந்த ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். ஏன் பிரசங்கித்தாய் என்றா கேட்டார்கள்? ஏன் ஞானஸ்நானம் கொடுத்தாய் என்றா? விருத்தசேதனம் இல்லாதவன், அதாவது யூதரல்லாதவன், வீட்டுக்குள் போய் அவனோடு சாப்பிட்டாயே என்பதுதான் புகார். அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷன் அந்தியோகியாவுக்கு வந்து எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்புறம் எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து தனியாகப் போய்விட்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பவுலின் கூட்டாளி பர்னபாவும்கூட. பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார்.

நம்மூர் மேடைகளில் இந்த அதிகாரத்தை எடுத்து விசுவாசத்தினால் நீதிமானாவது பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். எந்தச் சாப்பாட்டுத் தகராறில் பவுல் அதைச் சொல்ல நேர்ந்தது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். ஏன் மறக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தாத்தா ஊரில் வருஷா வருஷம் அசனம், அதாவது சபை விருந்து, நடக்கும். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும், பந்தி பந்தியாக. கோயிலில் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிற ஒரு குடும்பம் மட்டும் பந்திக்கு உட்காராது. தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஏன் என்று கேட்டேன். "அவங்களுக்கு அதுதான் சௌகரியம்" என்றாள் அம்மா. யாருக்குச் சௌகரியம்? அந்தக் குடும்பத்துப் பையனும் நானும் ஒரே ஞாயிறு பள்ளியில் ஒரே வசனத்தை மனப்பாடம் செய்தவர்கள். நீங்கள் என்னிடம் ரோமச் சாலை பற்றிப் பேசுகிறீர்கள்!

ஆதித் திருச்சபையில் சமத்துவம் பூத்துக் குலுங்கியது என்று நான் சொல்ல வரவில்லை. கொரிந்துவில் சபையாகக் கூடிச் சாப்பிட்ட இடத்திலேயே ஒருவன் பசியோடு இருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான், பவுல் அதற்கும் திட்டி எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் 112 வாக்கில் இன்றைய துருக்கியில் இருந்த ரோம மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், அப்புறம் மறுபடி கூடிச் சாப்பிடுகிறார்கள், அதுவும் சாதாரண, தீங்கில்லாத சாப்பாடுதான் என்று எழுதுகிறார். கூடவே, சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததையும் சொல்கிறார். அடிமைப் பெண்ணுக்குச் சபையில் ஒரு பொறுப்பு! எல்லை தாண்டுவது என்றால் எனக்கு அதுதான், சும்மா வரைபடத்தில் அம்புக்குறி போடுவது இல்லை.

பவுல் கண்டித்ததற்குப் பேதுரு என்ன பதில் சொன்னார்? பவுல் எழுதவில்லை. ஜெயித்திருந்தால் அந்த மனுஷன் எழுதாமல் விட்டிருப்பாரா? அன்று அந்தியோகியாவில் பவுல் தோற்றார் என்றுதான் எனக்குப் படுகிறது. அப்புறம் அவர் நெடுநாள் தங்கி வேலை செய்தது கொரிந்துவிலும் எபேசுவிலும்.

தோமாவைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். இப்படி நாலு கேள்வியை ஒரே மூட்டையில் கட்டி அனுப்பாதீர்கள்.