கிமோதோ சாக்கேயின் சுவை ஏன் இவ்வளவு அழுத்தமாக இருக்கிறது?

கிமோதோ என்பது ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயின் பழைய தயாரிப்பு முறை. ஈஸ்ட் பெருகும் தாய்க்கலவையில் லாக்டிக் அமிலம் இருக்க வேண்டும்; அதுதான் வேண்டாத கிருமிகளை அண்டவிடாது. இன்று பெரும்பாலான ஆலைகள் அந்த அமிலத்தை நேரடியாகவே சேர்த்துவிடுகின்றன, இரண்டு வாரத்தில் கலவை தயார். கிமோதோவிலோ பாக்டீரியாக்களே அதை உண்டாக்க வேண்டும், ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். நம் வீட்டு இட்லி மாவு புளிப்பதும் இதே வகை பாக்டீரியாவால்தான். அந்தக் காத்திருப்பில்தான் அமினோ அமிலங்கள் சேர்ந்து, புளிப்பும், உமாமி எனப்படும் நாவில் நிற்கும் ருசியும் ஏறுகின்றன. கிமோதோவில் அரிசியைக் கோலால் மசிக்கும் கடும் வேலையை மட்டும் விட்டுவிட்டால் அது யமஹாய் என்ற முறை, 1909இல் வந்தது. சுட்ட மீனோடு இவை இரண்டுக்கும் ஈடே இல்லை என்பேன்.

மட்டமான சாக்கேயைத்தான் சூடாக்குவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல கிமோதோவின் சுவை 45 டிகிரி சூட்டில் ரொம்பவே விரியும்.