உட்கார்ந்திருப்பவனின் விரைந்த கால்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

பண்டாரவளையில் உயர்தர வகுப்பிற்குத் தமிழ் கற்பிக்கிறேன். விடுமுறையில் ஹோமரின் கிரேக்கக் காப்பியமான இலியட்டைத் தமிழில் படித்தேன். அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு குடிலில் முடங்கிக் கிடக்கும்போதும் அவன் ‘விரைந்த காலையுடைய அக்கிலீஸ்’ என்றே சொல்லப்படுகிறான். விடியல் திரும்பத் திரும்ப ரோஜாநிற விரல்களோடு வருகிறது. போருக்கு வந்த கப்பல்களின் பட்டியலோ முடிவதாகவே தெரியவில்லை. தண்டியலங்காரத்தின் பெருங்காப்பிய இலக்கணத்தில் இவற்றுக்கு இடமில்லை. சிலம்பிலும் இந்தச் சலிப்பு இல்லை. இவை ஹோமரின் குறைகள்தாமா?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

குறைகள் அல்ல. தண்டியலங்காரம் 12ஆம் நூற்றாண்டு நூல். வாழ்த்து, வணக்கம், வருபொருள், மலை, கடல், நாடு, வளநகர் என்று அது அடுக்குவதெல்லாம் எழுதிப் படிக்கப்படும் காப்பியத்துக்குரிய உள்ளடக்கம். அதில் வரும் ‘தன்னிகர் இல்லாத் தலைவன்’ என்ற விதியைக் கோவலன்மேல் வைத்துப் பார்த்தால் சிலம்பே தேறாது என்பது வேறு கதை. நீங்கள் கேட்பதற்கான விடை பாடுகிறவனின் தொண்டையில் இருக்கிறது.

சிறுவனாக எங்கள் தோட்டத்தில் பொன்னர் சங்கர் கூத்துப் பார்த்த ஓர் இரவு நினைவுக்கு வருகிறது. பனி இறங்க இறங்கத் தப்பின் தோல் தளர்ந்து ஓசை மழுங்கியது. தப்படிக்கிறவர்கள் லயன் வரிசை வீடுகளின் ஓரமாக வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சப் போனார்கள். பாடுகிறவர் நிறுத்தவில்லை, குதிரையின் நெற்றி, பிடரி, சேணம், சலங்கை என்று எல்லோருக்கும் மனப்பாடமான வரிகளையே மறுபடி எடுத்து, தப்பு முறுக்கேறித் திரும்பும்வரை குதிரையை அங்கேயே நிற்க வைத்திருந்தார். ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் மட்டும் தூங்கிப்போனேன்.

1930களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்களின் பாட்டுகளைப் பதிவுசெய்த அமெரிக்க ஹோமர் ஆய்வாளர் மில்மன் பாரி இதைத்தான் இலக்கணமாக விளக்கினார். ஹோமரின் அடி ஆறு சீர் கொண்டது. பாடகன் அதைக் கூட்டத்தின் முன்னிலையில், நின்று யோசிக்க நேரமில்லாமல் கட்டுகிறான். அடியில் மிஞ்சியிருக்கும் இடத்தின் அளவைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் அடைமொழியோடு பெயரைப் போடுகிறான்: ஓரிடத்தில் வெறும் ‘தெய்விக அக்கிலீஸ்’, இன்னோரிடத்தில் ‘விரைந்த காலையுடைய அக்கிலீஸ்’. அவன் ஓடுகிறானா உட்கார்ந்திருக்கிறானா என்பது அங்கே கேள்வியே இல்லை. ஆனாலும், ஓட வேண்டியவன் உட்கார்ந்துவிட்டதால்தான் அத்தனை பேர் சாகிறார்கள் என்று தெரிந்து படிக்கும்போது எனக்கு அந்தச் சொல் குத்தத்தான் செய்கிறது.

கப்பல் பட்டியலில் 29 படைப்பிரிவுகள், 1,186 கப்பல்கள். பத்து நாவும் பத்து வாயும் இருந்தாலும் தன்னால் சொல்லி முடியாது என்று கவிஞனே கிரேக்கரின் பாட்டுத் தெய்வங்களான கலைமகளிரை அழைத்துவிட்டுத்தான் தொடங்குகிறான். நமக்குச் சலிக்கிறது, தன் ஊர்ப் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தவனுக்குச் சலித்திருக்காது. கூத்துக்கு நடுவில் அன்பளிப்புத் தந்தவர்களின் பெயரை வாசிக்கும்போது எங்கள் சனங்கள் கதையை விடவும் கூர்ந்து கேட்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்த வழியில் சங்கப் பாடல்களை ஆராய்ந்தவர் நம் இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி. பர்மிங்ஹாமில் அவர் செய்த ஆய்வு 1968இல் நூலாக வந்தது. புறப்பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை அவர் எடுத்துக்காட்டுவது எனக்கு உடன்பாடே; குறுந்தொகையின் இறுகிய சொற்கட்டு மேடையில் நின்றபடியே பிறந்திருக்கும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

சிலம்பில் சலிப்பு இல்லை என்கிறீர்கள். இளங்கோ அவசரமில்லாமல் எழுதியவர். ஒரே அடைமொழியைத் திரும்ப எடுக்க அவருக்குத் தேவையில்லை. ஆனால் கதைக்குள் யாராவது பாடத் தொடங்கியதும் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆய்ச்சியர் குரவையில் ‘செவியென்ன செவியே’, ‘கண்ணென்ன கண்ணே’, ‘நாவென்ன நாவே’ என்று ஒவ்வொரு பாட்டின் கடைசி இரண்டு அடிகளிலும் ஈறு திரும்பி வருகிறது. கானல் வரியில் ‘வாழி காவேரி’. எழுத்தில் விட்டதைப் பாட்டில் அவரே மீட்டு எடுக்கிறார். வகுப்பில் குரவைப் பகுதியை உரையோடு தொடங்காமல், முதலில் இருவர் முன்னடியைச் சொல்ல, மற்றப் பிள்ளைகள் ஈற்றைப் பிடிக்கும்படி வாய்விட்டுப் படிக்கவையுங்கள். கப்பல் பட்டியல் வரும் இலியட்டின் இரண்டாம் காண்டத்தை அதன் பிறகு அவர்களிடம் கொடுக்கலாம்.