சிட்டை எழுதாமல் பேரேடு எழுத முடியுமா?

கேள்வி: மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வருடா வருடம் ஜனவரியில் புது டைரி வாங்கி, 50 புத்தகம் படிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் விமர்சனம் எழுத வேண்டும், தினமும் டைரியும் எழுத வேண்டும் என்று தொடங்குகிறேன். பொங்கல் தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறது. விமர்சனம் எழுத உட்கார்ந்தால் கதைச் சுருக்கம்தான் வருகிறது. இரவு வீடு திரும்பினால் உடம்பு அசந்துவிடுகிறது. எனக்கு ஒழுங்கே வராதா?
(ஒரு வாசகி, மண்டபம்)

பதில்: கம்பெனிக் கணக்கை ஒரு நாளாவது எழுதாமல் விட்டிருக்கிறீர்களா? பெட்டி இறங்குகிறது, எடை போடுகிறார்கள், யார் படகு, என்ன சரக்கு, எத்தனை கிலோ, என்ன விலை, முன்பணத்தில் எவ்வளவு கழிவு என்று ஐஸ் தண்ணீர் சொட்டுகிற இடத்திலேயே நின்றபடி அன்றாடக் குறிப்பான சிட்டையில் குறித்துவிடுகிறீர்கள். அப்புறம்தான் அதைப் பார்த்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவது. இதைத் தினமும் செய்கிறவருக்கு ஒழுங்கு வராது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஒன்று. சிட்டையே போடாமல், பத்து நாள் கழித்து ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேரேடு எழுதச் சொன்னால் எழுதுவீர்களா? புத்தக விஷயத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். முந்நூறு பக்க நாவலை விட்டு விட்டுப் படித்து முடித்து, ஒரு வாரம் ஆறப்போட்டு, வெள்ளைத் தாளோடு உட்காருகிறீர்கள். அதற்குள் மனசில் மிஞ்சியிருப்பது கதை மட்டும்தான், அதனால் கதைச் சுருக்கம் வருகிறது. எழுத வராத குறை இதில் எதுவும் இல்லை.

ஆகவே முதலில் சிட்டை. படிக்கிற அன்றைக்கே, படித்தது நாலு பக்கமாக இருந்தாலும், தேதி, பக்க எண், அங்கே உங்களைப் பிடித்து நிறுத்திய விஷயம், ஏன் நின்றீர்கள் என்று உங்கள் பேச்சில் ஒரு வரி. உதாரணத்துக்கு இப்படி இருக்கலாம்: "பக்கம் 84. மாமியார் செத்துக்கிடக்கும் வீட்டில் மருமகள் முதலில் அடுப்பிலிருந்து உலையை இறக்கி வைக்கிறாள். அழுகை அப்புறம்தான். பெரியம்மா வீட்டிலும் இப்படித்தான்." இவ்வளவு போதும். நடை, அழகு எல்லாம் இங்கே வேண்டாம்; நாளைக்கு நீங்கள் படித்தால் உங்களுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். புத்தகத்தின் மேல் கோபம் வந்தால் அதையும் எழுதுங்கள். சலிப்புத் தட்டி இருபது பக்கம் தாண்டிப் போனால், எந்தப் பக்கத்தில் தாண்டினீர்கள் என்று குறியுங்கள், பிற்பாடு அது ரொம்ப உதவும்.

புத்தகம் முடிகிறபோது கையில் பத்துப் பதினைந்து குறிப்பு சேர்ந்திருக்கும். அவற்றை வரிசையாகப் படித்துப் பாருங்கள். அதில் ஆறு குறிப்பு பெண்கள் செய்கிற வேலையைப் பற்றியே இருக்கிறது என்றால் அதுதான் உங்கள் விமர்சனத்தின் பொருள், வேறெங்கும் தேடவேண்டாம். கதையை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நேரே அதற்குள் இறங்குங்கள். உங்களுக்கு இருக்கிற ஒரு பலத்தையும் நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு நாவலில் ஆனி மாதம் வாடைக்காற்று அடிக்கிறது என்று வந்தால், ஊருக்குள் இருந்து படிக்கிறவர் தாண்டிப் போய்விடுவார், தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்க வேண்டிய மாதத்தில் வடக்கேயிருந்து வாடை எப்படி வந்தது என்று மண்டபத்துக்காரர்தான் கேட்பார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலையும் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் கடலோடு போனதையும் பற்றி ஏதாவது படித்தால், அந்தப் பக்கத்து எண்ணை எழுதி, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்வதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அப்படி எழுதப்படும் விமர்சனத்துக்காக நான் காத்திருக்கிறேன், உள்ளபடியே சொல்கிறேன்.

டைரிக்கு வருவோம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761-இல் இறக்கும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் வியாபாரி. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, ஆளுநர் யார்மேல் கோபப்பட்டார், ஊரில் என்ன வதந்தி என்று கண்டதையும் கேட்டதையும் எழுதிக்கொண்டே போனார். நமக்குக் கிடைத்திருப்பதில் விட்டுப்போன நாள்கள் உண்டு. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிட்டதா என்ன? நீங்கள் ஜனவரி 17-ஆம் தேதிப் பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து மனசு விட்டுப்போய் டைரியை மூடிவைக்கிறீர்கள். தேதி அச்சடித்த டைரியே வேண்டாம். கோடு போட்ட சாதாரண நோட்டு வாங்குங்கள், எழுதுகிற அன்றைக்கு நீங்களே தேதி போடுங்கள். பத்து நாள் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான், உட்கார்ந்து பின்தேதி போட்டு நிரப்பாதீர்கள். கம்பெனிக் கணக்கில் அந்தச் சலுகை கிடையாது, இதில் உண்டு. புத்தகக் குறிப்புக்குத் தனி நோட்டு, டைரிக்குத் தனி நோட்டு என்றும் பிரிக்க வேண்டாம். விலை இறங்கிய வருத்தமும் 84-ஆம் பக்கமும் ஒரே நாளில் நடந்தவை, ஒரே நோட்டில் இருக்கட்டும்.

நோட்டு வாங்கும்போது பின் அடித்ததை வாங்காதீர்கள், உங்கள் ஊர் உப்புக்காற்றில் அந்தக் கம்பிப் பின் துருப்பிடித்துத் தாள் கழன்றுவிடும். தையல் பைண்டிங் பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் தாள் நமத்துப்போய் மை ஊறும், பால்பாயின்ட் பேனாதான் சரி. ராமபாணப் பூச்சி அரிக்காமல் இருக்கக் காய்ந்த வேப்பிலையை நடுவில் போட்டுவையுங்கள்.

50 புத்தகக் கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள். அது உங்களை மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுக்க வைக்கும், வேறு பலன் இல்லை.

நேரம்? இரவு அசந்துபோகிற உடம்போடு சண்டை போடாதீர்கள். லாஞ்சு கடலுக்குப் போகாத நாளில் கம்பெனியில் வேலை எப்போது ஓய்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த அரைமணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. வருமானம் குறைகிற காலம் அது, கவலை இருக்கும், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பெரிய புத்தகத்தை எடுக்கவும், சிட்டையைப் பார்த்து விமர்சனம் எழுதவும் உங்களுக்கு அதைவிட நல்ல காலம் கிடைக்காது. உங்கள் ஆண்டை ஜனவரியில் தொடங்காமல் ஏப்ரலில் தொடங்குங்களேன்.

கடைசியாக ஒன்று. கம்பெனிக் கணக்கு நிற்காமல் ஓடுவதற்குக் காரணம், மறுநாள் காலையில் கேட்க ஒருவர் இருக்கிறார். உங்கள் படிப்பைக் கேட்க யாரும் இல்லை. அட்டையைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தால் நூறு பேர் பார்ப்பார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு ஆள் போதும். கூட வேலை செய்கிற தோழியாக இருக்கலாம், தங்கச்சியாக இருக்கலாம். நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால், திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி ஒரு பக்கம் நெருக்கும், புத்தகத்தைத் திருப்புகிற அன்றைக்கு "எப்படி இருந்தது?" என்று நூலகர் கேட்கவும் வாய்ப்புண்டு.

அதுவரைக்கும் நான் கேட்கிறேன். ஜூன் 14-க்குள் ஒரு புத்தகத்துக்கு விமர்சனம் எழுதி அனுப்புங்கள். முந்நூறு சொல் போதும். சிட்டை நோட்டிலிருந்து அந்தப் புத்தகத்துக்கான பக்கங்களையும் நகலெடுத்துக் கூடவே வையுங்கள். கதைச் சுருக்கம் மூன்று வரியைத் தாண்டினால் திருத்தக் குறிப்போடு திருப்பி அனுப்புவேன், நீங்கள் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.