டாலஸ் தாவரவியல் பூங்காவின் பெண்கள் குழு, தேநீர் விருந்து நடத்துவதைத் தவிர உருப்படியாக என்ன செய்கிறது?

கேள்வியின் விளக்கத்தில் கேட்டவர் எழுதியிருப்பது: "அமெரிக்காவில் பெரிய பூங்காக்களுக்கெல்லாம் 'உமன்ஸ் கவுன்சில்', 'உமன்ஸ் போர்டு' என்று ஒரு குழு இருக்கிறது. படங்களைப் பார்த்தால் பெரிய பெரிய தொப்பி போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கிறார்கள். இவர்களால் பூங்காவுக்கு என்ன பயன்? டாலஸில் இருப்பவர்கள் சொல்லுங்கள்."

நிறையப் பயன். நான் டாலஸ் பக்கம் குடியிருக்கிறேன். நீங்கள் கேட்கும் பூங்காவை இங்கே டாலஸ் ஆர்போரேட்டம் என்பார்கள். அதற்கு உறுப்பினர் அட்டை உண்டு, செடி வேலைக்குத் தன்னார்வலராகவும் போகிறேன். பெண்கள் கவுன்சிலில் நான் உறுப்பினர் இல்லை. ஆனால் அவர்கள் பணத்தால் நிற்கும் தோட்டத்தை எல்லாப் பருவத்திலும் பார்த்தவள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த தொப்பிப் படம் 'மேட் ஹேட்டர்ஸ் டீ' என்ற நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். வசந்த காலத்தில் நடக்கும். பூவும் இறகும் வைத்துச் சோடித்த தொப்பியோடு வருவார்கள், நல்ல தொப்பிக்குப் பரிசும் உண்டு. வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே சேரும் பணம் போகும் இடம் 'எ உமன்ஸ் கார்டன்' என்ற தோட்டம். அதைச் சொன்னால்தான் விஷயம் புரியும்.

முதலில் பூங்காவைப் பற்றிக் கொஞ்சம். வொயிட் ராக் ஏரியின் தென்கிழக்குக் கரையில் 66 ஏக்கர். இரண்டு தனியார் பண்ணைகள் சேர்ந்தது: டிகோலியர் குடும்பத்தின் 44 ஏக்கர், பக்கத்தில் கேம்ப் குடும்பத்தின் 22 ஏக்கர். எவரெட் டிகோலியர் எண்ணெய் தேடும் தொழிலில் பூமியின் அதிர்வுகளை அளந்து பார்க்கும் முறையைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். 1940இல் அவர்கள் கட்டி முடித்த ஸ்பானியப் பாணி வீடு இன்றும் பூங்காவுக்குள் நிற்கிறது. பொதுமக்களுக்குப் பூங்கா திறந்தது 1984இல். நகராட்சியோடு கைகோத்து நடத்துவது லாப நோக்கமில்லாத ஒரு சங்கம். நுழைவுச்சீட்டு, உறுப்பினர் சந்தா, நன்கொடை, பெரும்பாலும் இந்த மூன்றையும் நம்பித்தான் வண்டி ஓடுகிறது. நம் ஊட்டி பூங்கா மாதிரி அரசுத் தோட்டக்கலைத் துறையின் கையில் இருக்கும் அமைப்பு இல்லை இது. பணம் திரட்ட யாராவது இறங்கினால்தான் உண்டு.

1980களில் அப்படி இறங்கியவர்கள்தான் இந்தப் பெண்கள் கவுன்சில். சின்னச் சின்ன உதவிகளோடு நிற்காமல், பூங்காவுக்குள் ஒரு தோட்டத்தையே உருவாக்கித் தருகிறோம் என்று ஏற்றுக்கொண்டார்கள். மார்கன் வீலாக் என்ற நிலவடிவமைப்பாளர் வரைந்த முதல் பகுதி 1997இல் திறந்தது. வாரன் ஜான்சன் வடிவமைத்த இரண்டாம் பகுதி 2006இல் சேர்ந்தது. எல்லாம் சேர்த்தாலும் ஏறக்குறைய இரண்டு ஏக்கர்தான். டிகோலியர் வீட்டுக்குப் பின்னால், ஏரியைப் பார்த்தபடி, படிப்படியாக இறங்கும். கவிதைத் தோட்டம் என்று சற்றுப் பள்ளத்தில் ஒரு பகுதி. பீக்கன் மரத்தை வைத்து அமைத்த சதுரம் ஒன்று. ஒரு நீள்குளம், அதன் விளிம்பில் நின்று பார்த்தால் குளத்துத் தண்ணீர் எங்கே முடிகிறது, ஏரி எங்கே ஆரம்பிக்கிறது என்று சட்டென்று பிடிபடாது. கல்யாணப் படம் எடுக்க ஜோடி ஜோடியாக வந்து நிற்பது அங்கேதான்.

சரி, கட்டிக் கொடுத்தார்கள், அதற்கு மேல் என்ன என்று கேட்கலாம். என்னைக் கேட்டால், கட்டிக் கொடுத்ததைவிடப் பெரிய காரியம் அதற்கு அப்புறம் செய்ததுதான். அந்தத் தோட்டத்தின் பராமரிப்புச் செலவுக்கு ஆண்டுதோறும் பணம் திரட்டுவதையே தங்கள் வேலையாக வைத்துக்கொண்டார்கள்.

திறப்பு விழாவுக்குப் பணம் கொடுக்க எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும். கல்வெட்டில் பெயர் வரும், நாடா வெட்டலாம், பத்திரிகையில் படம் வரும். ஏழாவது வருஷம் குளத்து மோட்டார் பழுதாகும்போது, பன்னிரண்டாவது வருஷம் சொட்டுநீர்க் குழாய்களை மாற்றும்போது, கல் இடுக்கில் பூச்சு உதிரும்போது பணம் கொடுப்பவர் யார்? அந்தச் செலவில் பெயர் பொறிக்க இடமே இல்லை. அதனாலேயே எத்தனையோ பூங்காக்கள் திறந்த பத்து வருஷத்தில் பொலிவிழந்து போகின்றன.

இதை நம் முன்னோர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு வரும். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழியக் கழியக் குட்டிகள் வந்து சேரும், மந்தையின் எண்ணிக்கை குறையவே கூடாது. 'சாவா மூவாப் பேராடு' என்று அதற்குப் பெயர். விளக்கு வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல் அது அணையாமல் எரிவதற்கும் வழி செய்துவைத்தார்கள். அப்படிக் கொடை தந்தவர்களில் அரசியரும் சாதாரணப் பெண்களும் நிறைய உண்டு. டாலஸ் பெண்கள் செய்வதும் அந்த வகைக் கொடைதான்.

அந்த மண்ணில் தோட்டம் வைத்துக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று தெரிந்தால் இதன் அருமை இன்னும் விளங்கும். கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்து ஆட்கள் இதைப் படித்தால் ஒரு செய்தி: டாலஸ் இருப்பது கரிசல் காட்டில். 'பிளாக்லேண்ட் பிரெய்ரி' என்று சொல்லும் இந்த நிலமும் நம் கரிசலும் மண்ணியல் வகைப்பாட்டில் ஒரே இனம். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் இங்கேயும் பருத்திதான் போட்டிருக்கிறார்கள். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். முதல் முறை அந்த மண்ணை விரலில் வைத்து உருட்டியபோது இது எங்க ஊர் மண்ணாச்சே என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆனால் கரிசலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். டாலஸ் வசந்தத்தின் அழகே அசேலியா என்று நினைத்துப் பலர் வருகிறார்கள். அது புளிப்பு மண்ணில் வாழும் செடி. இங்கே அதற்குப் பாத்தியை உயர்த்தி, பைன் பட்டைத் தூளும் மக்கு உரமும் கலந்த தனி மண்ணே தயாரித்துப் போட வேண்டும். போட்டுவிட்டு விட்டுவிடவும் முடியாது, மக்கு கரைந்துகொண்டே போகும். டூலிப்புக்கு வேறு பாடு. டாலஸ் குளிர் அதற்குப் போதாது. கிழங்குகளைக் குளிர் அறையில் வாரக்கணக்கில் வைத்திருந்துதான் நடுகிறார்கள். பூத்து முடிந்ததும் பிடுங்கிவிட்டு அடுத்த வருஷம் புதுக் கிழங்கு. 'டாலஸ் பிளூம்ஸ்' என்ற வசந்தகால மலர் விழாவுக்காக இந்தப் பூங்கா முழுவதும் 5 லட்சம் வசந்தகாலக் கிழங்குகள் நடப்படுகின்றன. விழாவுக்கு வந்து படம் எடுத்துப் போகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இதற்கெல்லாம் மேல் 2021 பிப்ரவரி. டாலஸில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 19 டிகிரி செல்சியஸ் வரை போனது. டெக்சாஸ் முழுக்க மின்சாரம் போய், குழாய்கள் வெடித்து, மனிதர்களே செத்த பனிப்புயல் அது. இந்த ஊரில் எத்தனையோ வருஷம் வளர்ந்து நின்ற புதர்கள் கருகிப்போயின. செத்துவிட்டதா, வேரில் உயிர் இருக்கிறதா என்று பட்டையை நகத்தால் சுரண்டிப் பச்சை தெரிகிறதா என்று பார்த்தோம். பல செடிகளுக்கு வெயில் காலம் வரை காத்திருந்துதான் முடிவு சொல்ல முடிந்தது. அப்படி ஒரு வருஷத்தில், கைவசம் பராமரிப்பு நிதி உள்ள தோட்டத்துக்கும் இல்லாத தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணால் பார்த்தாலே தெரியும்.

தன்னார்வலர் வேலை என்றால் என்ன என்று ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். ரோஜாவில் வாடிய பூவை நீக்குவது. நான் ஊரில் செய்வதுபோலப் பூவை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தேன். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா, இடுப்பில் கத்தரி உறை, முழங்கால் அடியில் ரப்பர் பாய், பக்கத்து வரிசையில் இருந்து எழுந்து வந்தார். "ஐந்து இலை சேர்ந்த கொத்து வரைக்கும் கீழே இறங்கிப் பார், அது செடிக்கு வெளிப்பக்கம் பார்த்திருக்கிறதா? அதுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டு" என்று சொல்லி வெட்டிக் காட்டினார். உள்பக்கம் பார்த்த கொத்துக்கு மேலே வெட்டினால், அங்கிருந்து வரும் கிளைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து காற்றோட்டம் கெடும், பூஞ்சை வரும். அன்று மதியம் வரை அவர் பக்கத்திலேயே இருந்தேன். வெட்டுக்கு வெட்டு கத்தரியைத் துடைக்கிறார், நோய் ஒரு செடியில் இருந்து இன்னொன்றுக்குப் போகாமல் இருக்க. இந்த ஒழுங்கு கூலிக்கு வருவதில்லை. இது தன் தோட்டம் என்று நினைப்பதால் வருவது.

இப்போது உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்வி. பணக்கார வீட்டுப் பெண்கள்தானே? ஆமாம், இப்படிப்பட்ட குழுக்களில் வசதியானவர்கள் அதிகம். உறுப்பினர் கட்டணம் உண்டு, விருந்துக்குச் சீட்டு விலையும் குறைவில்லை. அதை மறைக்க ஒன்றுமில்லை. வசதி உள்ளவர்கள் அதைத் தங்கள் வேலிக்குள் பூட்டிவைக்காமல் பொதுத் தோட்டத்தில் போடுவதை நான் மதிக்கிறேன். கிளீவ்லாந்து கதையும் இப்படித்தான். 1930இல் அந்த ஊர்த் தோட்டச் சங்கத்துப் பெண்கள், வேட் பூங்காக் குளத்தங்கரையில் யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு படகுக் கொட்டகையைச் சரிசெய்து, தோட்டக்கலை நூலகமும் ஆலோசனை மையமும் ஆக்கினார்கள். இன்றைக்குக் கிளீவ்லாந்து தாவரவியல் பூங்காவாக இருப்பது அதன் வளர்ச்சிதான்.

ஆனால் பூங்காக்களைப் பெண்கள் தாங்கிய கதை தேநீர்க் கோப்பையோடு மட்டும் முடிவதில்லை. வர்ஜீனியாவில் நார்ஃபோக் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1938இல், பொருளாதார மந்த காலத்து அரசு வேலைத் திட்டத்தில், 200 கறுப்பினப் பெண்களும் 20 ஆண்களும் சேர்ந்து காடும் சதுப்பும் அடர்ந்த இடத்தைக் கையால் வெட்டித் திருத்தினார்கள். மரத்தை வீழ்த்தி, வேரைப் பெயர்த்து, மண் சுமந்தார்கள். கூலி மணிக்கு 25 சென்ட். 1939 மார்ச்சுக்குள் 4,000 அசேலியா, 2,000 ரோடோடெண்ட்ரான் நட்டு முடித்திருந்தார்கள். இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த காலம் அது. அவர்கள் தன்னார்வலர்கள் இல்லை, வயிற்றுப்பாட்டுக்கு உழைத்தவர்கள். பல பத்தாண்டுகள் யாரும் பேசாமல் விட்ட அந்த உழைப்புக்கு இப்போது பூங்காவுக்குள்ளேயே ஒரு நினைவுத் தோட்டமும் சிலையும் இருக்கின்றன. நார்ஃபோக் பக்கம் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் வராதீர்கள்.

கடைசியாக, இந்தக் கேள்வியைப் படிக்கும் நம் பெண்களில் பலர் எச்4 விசாவில் (இங்கே வேலைக்கு வந்தவரின் கணவன் அல்லது மனைவிக்குத் தரும் விசா), வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருப்பீர்கள் என்று தெரியும். நானும் அப்படி வந்தவள்தான். லாப நோக்கமில்லாத அமைப்பில் சம்பளம் இல்லாமல் தொண்டு செய்யத் தடையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அது வழக்கமாகத் தன்னார்வலர்களே செய்யும் வேலையாக இருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைக்கும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்து கொடுப்பது சிக்கல். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பூங்காக்களில் செடி வேலை, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவது, விழா நாட்களில் வழிகாட்டுவது என்று இந்த வகை வேலைகள் நிறைய உண்டு. கவுன்சில் மாதிரிக் குழுவில் கட்டணம் கட்டிச் சேர வேண்டிய அவசியம் இல்லை, நேரடியாகப் பூங்காவின் தன்னார்வலர் பிரிவில் பெயர் கொடுக்கலாம். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம். பாத்தியில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும், அதுவும் நம் ஊர்ச் செடிகளைப் பற்றிக் கேட்க ஆள் நிறைய இருக்கிறார்கள். ஒரு முறை கறிவேப்பிலைக் கன்றைப் பனியில் இருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று நான் சொல்ல, நாலு பேர் குறித்துக்கொண்டார்கள்.

டாலஸில் இருந்தால் செப்டம்பர் கடைசிக்கு மேல் ஆரம்பியுங்கள். கோடையில் 38 டிகிரிக்கு மேல் கொளுத்தும்போது முதல் நாள் போனால் மறுநாள் போக மனசு வராது. குளிர் தொட்டதும் வேலை குவியும், கிழங்கு நடவு அப்போதுதான். கைக்கு நல்ல உறை, கரிசல் ஒட்டினால் கழுவக்கூடிய பழைய ஷூ, தண்ணீர்ப் புட்டி. கத்தரி அவர்களே தருவார்கள்.